ஊர் கேட்ட மன்னிப்பு

தேனி பஜாரில் ஞானசிகாமணி கடை எது என்று கேட்டால், எந்த ஞானசிகாமணி என்பார்கள். ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவர் என்றால் பாதிப் பேருக்குத் தெரியும். “மொக்கையன மன்னிச்சு விட்டாகளே, அந்த அண்ணாச்சி” என்று சொன்னால் போதும், கையைப் பிடித்துக் கடை வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். பதினோரு வருடம் அவருக்கு இதுதான் அடையாளம். நல்ல பெயர் யாருக்குக் கசக்கும்? அவருக்கும் கசக்கவில்லை.

பிழைப்பு ஒலிபெருக்கி. கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல், மாதா கோயில் தேர், கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் அவர் செட்தான் போகும். ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு மைக், நான்கு குழாய், நான்கு யூனிட். குழாய் என்பது மரத்தில் கட்டுகிற கூம்பு. அதன் பின்புறம் திருகி மாட்டுகிற, சின்னத் தேங்காய் அளவு இரும்பு உருண்டைக்குப் பெயர் யூனிட். சத்தம் பிறக்கிற இடம் அதுதான். அது இல்லாவிட்டால் குழாய் வெறும் தகரம்.

மரம் ஏறிக் குழாய் கட்டுகிற ஆள் மொக்கைச்சாமி. பழனிசெட்டிபட்டியில் இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான். இருவருக்கும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை ஒரே பலகை. ஆனாலும் இவர் ‘அவர்’, அவன் ‘அவன்’. கடை வைத்திருக்கிறவருக்கும் மரம் ஏறுகிறவனுக்கும் ஊர் அப்படித்தான் மரியாதையைப் பங்கு வைத்திருந்தது. கதையும் இப்போதைக்கு அப்படியே போகட்டும்.

எழுபத்தொன்றாம் வருடம் சித்திரை முடிகிற சமயம், ஜெயமங்கலத்தில் ஒரு கோயில் பொங்கலுக்கு செட் கேட்டிருந்தார்கள். அதே நாளில் சபையில் ஒரு கூட்டம் இருந்ததால் ஞானசிகாமணி போகவில்லை. யூனிட்டுகளைத் தன் கையாலேயே சாக்குப்பையில் போட்டு, வாயைக் கட்டி, மொக்கைச்சாமியிடம் கொடுத்து அனுப்பினார். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது குழாய் நான்கு இருந்தது, யூனிட் மூன்றுதான் இருந்தது.

“ஏலே மொக்க, இன்னொண்ணு எங்கன?”

“நீங்க மூணுதான் அண்ணாச்சி குடுத்தீக. ஒரு குழாய்க்கு யூனிட்டு இல்லாம சும்மாதான் கெடந்துச்சு. நான் மூணத்தான் கட்டுனேன்.”

ஞானசிகாமணி மேலே ஒன்றும் பேசவில்லை. நான்கு குழாய் வைத்திருக்கிறவன் நான்கு யூனிட்தானே கொடுத்திருப்பான்? அது கணக்கு. எண்ணிக் கொடுத்தாயா என்று அவர் மனசு ஒருமுறைகூட அவரைக் கேட்கவில்லை. களவாண்டு பெரியகுளத்தில் விற்றிருப்பான் என்று முடிவு செய்துவிட்டார். போலீசுக்கும் போகவில்லை, பஞ்சாயத்தும் கூட்டவில்லை. வீட்டில் மனைவி சுகிர்தத்திடம் மட்டும் சொன்னார். அவளும் “அய்யய்யோ, அவனா?” என்றாளே தவிர, அவனாக இருக்காது என்று சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சபையில் அசனப் பண்டிகை வந்தது. சபையார் எல்லோரும் அரிசியும் ஆடும் கொடுத்து, ஒன்றாக ஆக்கி, ஊரைக் கூப்பிட்டு ஒரே பந்தியில் சாப்பிடுகிற நாள். அன்று காலை ஆராதனையில் போதகர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். பிரசங்கம் முடிந்ததும், யாராவது சாட்சி சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். ஆண்டவர் தன் வாழ்க்கையில் செய்ததைச் சபை முன்னால் எழுந்து நின்று சொல்வதுதான் சாட்சி. ஞானசிகாமணி எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். அவருடைய மைக்தான். பிடிக்கத் தெரிந்த கை.

என் வீட்டுப் பிள்ளைபோல் வைத்திருந்த ஒருவன் எனக்குத் துரோகம் செய்தான் என்று ஆரம்பித்தார். யூனிட் போனதைச் சொன்னார். போலீசுக்குப் போகலாமா என்று பிசாசு தன்னைச் சோதித்ததைச் சொன்னார். சிலுவையில் தொங்கிக்கொண்டே மன்னித்த ஆண்டவரை நினைத்துக்கொண்டதைச் சொன்னார். கடைசியில், “மொக்கைச்சாமியை நான் மன்னித்துவிட்டேன்” என்று சொல்லும்போது குரல் உடைந்து அழுதேவிட்டார். சபையில் அழாதவர் இல்லை. போதகர் இறங்கி வந்து கட்டிக்கொண்டார்.

அசன நாள் என்பதால் சத்தம் உள்ளே மட்டும் இல்லை. கோயில் வாசல் வேப்பமரத்தில் மூன்று குழாய், பஜாரைப் பார்த்தபடி. காய்கறிக்காரர், டீக்கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்றவர், எல்லோர் காதிலும் மொக்கைச்சாமி பெயர் விழுந்தது. அந்த மூன்று குழாய்களையும் விடியற்காலையில் மரம் ஏறிக் கட்டியவனும் மொக்கைச்சாமிதான். தன் பெயர் தன் தலைக்குமேலே ஊருக்குப் போய்க்கொண்டிருந்ததை அவன் மரத்தடியில் கயிற்றுச் சுருளோடு நின்று கேட்டான்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தவரை அவன் மறித்தான். “அண்ணாச்சி, நான் எடுக்கல.”

“அதான் மன்னிச்சிட்டேனேலே,” என்றார் அவர், அவன் தோளைத் தட்டி. “இனி அந்தப் பேச்ச விடு. போயி சாப்பிடு.”

அவன் சாப்பிடவில்லை. குழாய்களை இறக்கிக் கடையில் வைத்துவிட்டுப் போனவன் மறுநாள் வேலைக்கு வரவில்லை. ஆறு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்து, பெண்டாட்டி ராமுத்தாயின் ஊர்ப் பக்கம், சின்னமனூருக்குப் போய்விட்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று பஜார் பேசிக்கொண்டது. ஞானசிகாமணி அதைக்கூடப் பேச விடவில்லை. “அவனப் பத்தித் தப்பாப் பேசாதீக, நான் மன்னிச்சாச்சு” என்பார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல அவன் திருடன் என்பது இறுகிக்கொண்டே வந்தது.

சாட்சிக்கு நல்ல கிராக்கி. போடிக்குக் கூப்பிட்டார்கள், பெரியகுளத்துக்குக் கூப்பிட்டார்கள், கம்பத்தில் மூன்று நாள் கூட்டம் நடந்தபோது இரண்டாம் நாள் இவருக்காகவே பத்து நிமிடம் ஒதுக்கினார்கள். சொல்லிச் சொல்லிச் சாட்சிக்கு மெருகு ஏறியது. எந்த இடத்தில் நிறுத்தினால் பெண்கள் பக்கம் விசும்பல் கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். இதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் அவர் மனதாரத்தான் அழுதார்.

எண்பத்திரண்டு தை மாதம், கேசட் போடுகிற டெக் ஒன்று வாங்க மதுரைக்குப் போனார். முன்பு யூனிட்டுக்குள் இருக்கிற கம்பிச்சுருளை, அதாவது காயிலை, மாற்றிக் கொடுத்த பழைய ரேடியோக் கடை இருந்த தெருவில்தான் கேசட் டெக்கும் விற்றார்கள். பழைய கடையை மூடிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் இறந்துபோக, அவர் மகன் சாமான்களைத் தெருவில் போட்டு ஒழித்துக்கொண்டிருந்தார். முகம் தெரிந்தவரானதால் ஞானசிகாமணி நின்று துக்கம் விசாரித்தார்.

“தேனிதானே நீங்க? நில்லுங்க,” என்றார் மகன். “உங்க ஊர் சீட்டு போட்டு ஒண்ணு கிடக்குது. வாங்கவே வரல.”

பலகைப் பெட்டியிலிருந்து ஒரு யூனிட்டை எடுத்துக் கையில் வைத்தார். கழுத்தில் கம்பி போட்டு ஒரு அட்டைச் சீட்டு. சீட்டில் ஞானசிகாமணியின் கையெழுத்து. ‘தேனி ஞானசிகாமணி, யூனிட் ஒன்று, காயில் மாற்ற.’ கீழே தேதி. ஜெயமங்கலம் பொங்கலுக்கு நான்கு நாள் முந்திய தேதி.

எல்லாம் ஞாபகம் வந்தது. மாமனார் வழியில் ஒரு கல்யாணத்துக்கு மதுரை வந்தது, வெற்றிலைப் பாக்குப் பையிலேயே யூனிட்டைப் போட்டுக்கொண்டு வந்தது, கல்யாணத்துக்கு நேரமாகிறதென்று ஓடிவந்து சீட்டு எழுதிக் கொடுத்தது, சித்திரை வேலையில் அடியோடு மறந்துபோனது. பையில் மூன்றுதான் இருந்திருக்கிறது. மூன்றுதான் கொடுத்திருக்கிறார். மொக்கைச்சாமி சொன்ன முதல் வார்த்தையே அதுதான்.

டெக் வாங்கவில்லை. பஸ் ஏறினார். மடியில் யூனிட்டை வைத்துக்கொண்டு உசிலம்பட்டி வரைக்கும் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். ஆண்டவரே, தெரியாமல் செய்துவிட்டேன், மன்னியும் என்றார். அழுதார். கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சு லேசானது. ஆண்டிபட்டிக் கணவாய் வருவதற்குள் நன்றாகத் தூங்கியும்விட்டார். ஆண்டவரிடம் சொல்வதில் ஒரு வசதி உண்டு. அவர் தேனி பஜாரில் போய்ச் சொல்ல மாட்டார்.

தேனியில் இறங்கியதும் டீக்கடை ஒச்சாண்டி கூப்பிட்டார். “அண்ணாச்சி, இந்த வருச அசனத்துலயும் நம்ம சாட்சி உண்டுல்ல? போதகரய்யா கேட்டுட்டுப் போனாக.”

அந்த ஒரு கேள்வியில் பஸ்ஸில் வந்த லேசு எல்லாம் ஓடிப்போனது. வீட்டுக்குப் போய் யூனிட்டையும் சீட்டையும் சுகிர்தத்தின் முன்னால் வைத்தார். அவள் சீட்டைப் படித்தாள்.

“ராமுத்தாய் அன்னையிலருந்து நம்ம வாசப்படி மிதிக்கல,” என்றாள். “ஊரக் காலி பண்ணிட்டுப் போறப்போ வண்டியில ஒக்காந்து என் மொகத்தையே பாத்துக்கிட்டுப் போனா. நான் உள்ள போயிட்டேன்.” பிறகு சொன்னாள்: “நாளைக்கு மொத பஸ்ஸுக்கே போங்க.”

சின்னமனூரில் இறங்கி, ஊரைத் தாண்டி வயல்காட்டுப் பக்கம் நடந்து, ஒரு பெட்டிக்கடையில் விசாரித்தார்.

“மொக்கைச்சாமி வீடு எங்கன இருக்கு?”

“எந்த மொக்கைச்சாமி? இங்கன நாலு பேரு இருக்காக.”

“மரம் ஏறுறவரு. தேனிப் பக்கமிருந்து வந்தவரு.”

“ஓ, மன்னிப்பு வீடா? வாய்க்கா தாண்டி ரெண்டாவது.”

ஞானசிகாமணிக்கு முதலில் புரியவில்லை. கடைக்காரர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெற்றிலை அடுக்கப் போய்விட்டார். ஓட்டு வீடு, மச்சு வீடு என்பதுபோல அது அந்த வீட்டுக்குப் பெயராகவே ஆகிவிட்டிருந்தது. தேனியிலிருந்து யாரோ பெண் கட்டி வந்தவர்கள் அந்தப் பேச்சைக் கொண்டுவந்திருப்பார்கள். ஊர் மாறிப் போனவனுக்குப் பின்னாலேயே அவருடைய மன்னிப்பும் பஸ் ஏறி வந்து குடியிருந்திருக்கிறது. வாய்க்காலைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை திரும்பிப் போய்விடலாமா என்று நின்றார்.

ராமுத்தாய் வாசலில் உட்கார்ந்து தென்னங்கீற்று பின்னிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். “வாங்க,” என்றாள். வாய்ப்பழக்கம் அது. ஒரு செம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி கீற்றில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மொக்கைச்சாமி தோப்பிலிருந்து வந்தான். மார்பெல்லாம் மரம் உராய்ந்த தழும்பு. தலை பாதி நரைத்திருந்தது.

ஞானசிகாமணி வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. யூனிட்டை எடுத்துத் தரையில் வைத்தார். மொக்கைச்சாமி குனிந்து எடுத்து, திருப்பி, வாய்ப்பக்கத்தில் தேய்ந்திருந்த திருகு மரையைக் கட்டைவிரலால் தடவினான்.

“நம்மளுதுதான். ரெண்டு சுத்துக்கு மேல ஏறாது. எங்கன கெடந்துச்சு?”

“மதுரையில. நான்தான் ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன். மறந்துட்டேன்.” சீட்டைக் காட்டினார். “ஏங் கையெழுத்து. நீ எடுக்கல மொக்கைச்சாமி. என்னைய மன்னிச்சிரு.”

ராமுத்தாய்தான் பேசினாள், கீற்றிலிருந்து கையெடுக்காமல்.

“அன்னைக்கு மைக்குல சொன்னீக. இன்னைக்குக் காதுல வந்து சொல்றீக.”

ஞானசிகாமணி தலை குனிந்தார்.

“எம் மக பூமாரியப் பொண்ணு கேட்டு, ஆனைமலையான்பட்டியிலருந்து வந்தாக. நல்ல எடம். ஒக்காந்து பேசிக்கிட்டு இருக்கையில, இதான் மன்னிப்பு வீடான்னு ஒரு பொம்பள கேட்டுச்சு. ஊத்தி வச்ச காப்பியக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாக. களவாண்ட வீடுன்னுகூடச் சொல்லல, பாருங்க. அப்பிடிச் சொல்லிருந்தா நான் வெளக்கமாத்த எடுத்திருப்பேன். மன்னிப்பு வீடுன்னா என்னத்த எடுக்க?”

“விடு,” என்றான் மொக்கைச்சாமி. பிறகு அவரைப் பார்த்துச் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. “நான் எடுக்கலன்னு ஒங்ககிட்டச் சொல்ல வந்தேன். மன்னிச்சாச்சுன்னு தோளத் தட்டுனீக. நீங்க போலீசுல பிடிச்சுக் குடுத்திருந்தா ரெண்டு அடி வாங்கிட்டாவது இல்லன்னு நிரூபிச்சிருப்பேன். மன்னிச்சிட்டவுககிட்ட என்னத்த அண்ணாச்சி நிரூபிக்க?”

“இப்ப நான் என்ன செய்யணும், சொல்லு.”

“மன்னிக்கிறதெல்லாம் ஒங்க கோயில் விசயம். எனக்கு அது தெரியாது. சொன்ன எடத்துல போயிச் சொல்லுங்க. அம்புட்டுத்தான்.”

யூனிட்டை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு மொக்கைச்சாமி மறுபடி தோப்புக்குப் போய்விட்டார். ஆமாம், ‘போய்விட்டார்’தான். அன்றைக்கு அந்த வாசலில் இருந்து நடக்கும்போது ஞானசிகாமணிக்கு அவரை ‘அவன்’ என்று நினைக்க வரவில்லை. கதைக்கு மட்டும் எப்படி வரும்?

தேனிக்குத் திரும்பி நேரே போதகர் வீட்டுக்குப் போனார். பழைய போதகர் மாற்றலாகிப் போய், இவர் புதியவர், நல்ல மனுஷர். எல்லாவற்றையும் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“ஆண்டவர்கிட்ட அறிக்கை பண்ணிட்டீங்க இல்லையா?”

“பண்ணிட்டேன் ஐயா.”

“மொக்கைச்சாமிகிட்டயும் போய்ச் சொல்லிட்டீங்க. அப்புறம் என்ன? ஆண்டவர் மன்னிச்சதை நாம கிளறக் கூடாது. உங்க சாட்சியால எத்தனை குடும்பம் ஒண்ணு சேர்ந்திருக்கு. அசனத்துல போய் இதைச் சொன்னா, இனி யார் சாட்சியையும் ஜனங்க நம்ப மாட்டாங்க. அதான் மன்னிச்சாச்சே, அந்தப் பேச்சை விட்டுருங்க.”

ஞானசிகாமணி நிமிர்ந்து பார்த்தார். அது அவருடைய வார்த்தை. வேப்பமரத்தடியில் மொக்கைச்சாமியின் தோளைத் தட்டிச் சொன்ன அதே வார்த்தை. அன்று ஒருவன் வாயை அடைக்க அது பயன்பட்டது. இன்று அவர் வாயை அவரே அடைத்துக்கொள்ள, மேலிருந்து வந்ததுபோல மெத்தென்று வந்து நிற்கிறது. காணிக்கை கொண்டுவந்தவன், தன்மேல் ஒருவனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகவேண்டும் என்று ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் பண்ணியவர் அவர். பதினோரு வருடமாக அந்த வசனத்தில் தன்னைக் குறைப்பட வேண்டியவன் இடத்திலேயே வைத்துப் பார்த்திருக்கிறார்.

“இல்ல ஐயா,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

சபை மைக் கிடைக்காவிட்டால் என்ன, மைக் அவருடையதுதானே. சனிக்கிழமை தேனிச் சந்தை. மலையிலிருந்தும் சுற்றுப் பட்டிகளிலிருந்தும் சனம் குவிகிற நாள். காலை பத்து மணிக்குத் தன் கடை முகப்பில் இரண்டு குழாயைக் கட்டினார். ஆம்ப்ளிபயரைச் சூடேற்றினார். பேச வேண்டியதை எழுதி வைத்திருந்தார், நாலே வரி.

“தேனி மக்களுக்கு வணக்கம். நான் ஞானசிகாமணி பேசுறேன். பதினோரு வருசத்துக்கு முந்தி என்னோட யூனிட்டு ஒண்ணு காணாமப் போச்சு. அத எடுத்தது மொக்கைச்சாமின்னு…”

கரண்ட் போய்விட்டது.

மைக்கைத் தட்டினார். ஊதினார். ஆம்ப்ளிபயரின் விளக்கு அணைந்துவிட்டது. பேட்டரி ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தது. ஒச்சாண்டி டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்: “என்ன அண்ணாச்சி, மொக்கையன் மறுபடியும் கை வச்சிட்டானா?”

பட்ட காலிலே படும் என்பார்கள். சந்தை முழுக்க அந்தப் பாதி வாக்கியம் போய்ச் சேர்ந்திருக்கும். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வருவதற்குள் பாதிச் சந்தை கலைந்துவிடும். மொக்கையன் மறுபடி திருடிவிட்டான் என்று எண்ணிக்கொண்டு மூட்டையோடு பட்டிகளுக்கு ஏறிப்போய்விடுவார்கள். ஞானசிகாமணி யூனிட்டை ஒரு கையிலும் சீட்டை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினார்.

முதலில் டீக்கடை. அங்கே உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரிடம் சொன்னார். அடுத்து காய்கறி வரிசை. வெங்காய மூட்டைக்காரர்கள். பாத்திரக் கடை. ஆட்டுச் சந்தைப் பக்கம். “இந்த யூனிட்டு திருடு போகல. மதுரையில ரிப்பேர்ல கெடந்துச்சு. ஒரு மறதியில மொக்கைச்சாமி மேல பழி சொல்லிட்டேன்.” சிலர் சிரித்தார்கள். சிலருக்கு எந்த மொக்கைச்சாமி என்றே தெரியவில்லை. அவர்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. “அட, இதுக்குப் போயா இம்புட்டுத் தூரம் நடக்கீக?” என்றார்கள் சிலர். அப்படிச் சொன்னவர்களிடமிருந்து நகர்வதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அங்கேயே உட்கார்ந்துவிட ஆசையாக இருந்தது.

எண்ணெய்க் கடை பொன்னுராஜ் சபைக்காரர். கம்பம் கூட்டத்தில் இவர் சாட்சி சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தவர். சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தார்.

“அப்ப நீங்க ஒவ்வொரு தடவையும் அழுதீகளே, அது?”

“அழுதது நெசந்தான்,” என்றார் ஞானசிகாமணி. “அழுததுக்குக் காரணந்தான் இல்ல.”

“மறதிதான? எல்லாருக்கும் வர்றதுதான்.”

அவர் சொன்ன பிறகுதான் ஞானசிகாமணிக்கு உறைத்தது. மறதி, மறதி என்று கடைக்குக் கடை அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். மறதிக்கு யார் கோபப்படுவார்கள்? “மறதி இல்ல,” என்றார். “பைய எண்ணாமக் கட்டிக் குடுத்தேன். மூணுதான் குடுத்தீகன்னு அவரு சொன்னாரு. அவரு சொன்னத நான் ஒரு நிமிசம்கூட நம்பிப் பாக்கல. மரம் ஏறுறவரு சொன்னா அது பொய்யாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.” அதைச் சொல்லும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பொன்னுராஜும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரும்பி டீக்கடைக்கே வந்தார். முதல் சுற்றில் மறதி என்று சொன்ன இடங்களுக்கெல்லாம் மறுபடி ஒரு சுற்றுப் போனார். இரண்டாம் தடவை யாரும் சிரிக்கவில்லை. சந்தை கலையும்வரை நடந்தார். கரண்ட் இடையில் வந்ததாம். கடை வாசலில் இரண்டு குழாயும் சும்மா இரைந்துகொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை.

ஆண்டவர் மன்னித்தால் வெட்கம் போய்விடும் என்றுதான் அவர் இத்தனை காலம் நம்பியிருந்தார். உசிலம்பட்டி வரைக்கும் பண்ணிய ஜெபத்தில் கேட்டதும் அதுதான். வெட்கம் போகவில்லை. மன்னிப்பு என்று ஒன்று இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அத்தனை வெட்கத்தையும் சுமந்துகொண்டு கடைக்குக் கடை ஏறி இறங்க முடிந்தது என்று, செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பட்டது. அதற்குமேல் அவர் அதைப்பற்றி யாரிடமும் பேசியதில்லை. சாட்சி சொல்வதோடு அவருக்கு அன்றைக்கே முடிந்தது. அந்த வருட அசனத்தில் ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். திருவிருந்தின் அப்பமும் ரசமும் எடுக்க வரிசை எழுந்தபோது அவர் எழவில்லை. மொக்கைச்சாமியின் குறை தீர்ந்ததா என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

பஜார் சும்மா இருக்குமா? ஒரு பெயரை இறக்கி வைத்தால் வேறு யார் தலையிலாவது ஏற்றினால்தான் அதற்குத் தூக்கம் வரும். இரண்டு மாதத்தில் கடைக்கு ‘மன்னிப்புக் கடை’ என்று பெயர் விழுந்துவிட்டது. செட் கேட்டு வருகிறவர்களை, “மன்னிப்புக் கடையில போயிப் பாரு” என்று அனுப்பினார்கள். சுகிர்தம் முதலில் அழுதாள். அவர் மறுக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

ஆடி முடிகிற சமயம், ஒரு மத்தியானம், ஒச்சாண்டி கடை வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது. “மன்னிப்புக் கடை எங்கன இருக்கு?” ஞானசிகாமணிக்குக் குரல் தெரிந்தது. எழுந்து நின்றார். ராமுத்தாய்க்குக் கடை எங்கே இருக்கிறதென்று தெரியாதா? பத்து வருடம் புருஷனுக்குச் சோறு கொண்டுவந்த கடை. கேட்க வேண்டுமென்றே கேட்டிருக்கிறாள்.

உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“ஆவணி பதினெட்டுல பூமாரிக்குக் கல்யாணம். ரேடியோ செட்டு வேணும். நாலு குழா.”

“சந்தோசம். எந்த எடம்?”

“அதே எடந்தான், ஆனைமலையான்பட்டி. மறுபடி வந்தாக. காப்பி குடிச்சாக.”

ஞானசிகாமணி நோட்டை எடுத்து எழுதுவதுபோலக் குனிந்துகொண்டார். “வாடகை ஒண்ணும் வேண்டாம் ஆத்தா. நான் செய்யிறது.”

“சும்மா குடுத்தீகன்னா அப்பறம் அதையும் ஊருக்குச் சொல்ல வேண்டி வரும். வாடகைய எழுதுங்க.” எழுந்து வாசல்வரை போனவள் திரும்பினாள். “மைக்கு வேண்டாம். பாட்டு மட்டும் போதும்.”

கல்யாணத்தன்று செட்டை அவரே கொண்டுபோனார். மைக்கைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போனார். குழாய் கட்ட ஆள் கூட்டிப் போயிருந்தார், ஆனால் மொக்கைச்சாமி விடவில்லை. பெண்ணைப் பெற்றவர், புது வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தானே தென்னையில் ஏறி நான்கு குழாயையும் கட்டினார். நாள் முழுக்க இருவரும் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் கிளம்ப ஆயத்தமாகிப் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, மொக்கைச்சாமி மறுபடி ஏறி எல்லாவற்றையும் இறக்கினார். யூனிட்டுகளைக் கழற்றிச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டாமல், அவர் முன்னால் வைத்தார்.

“எண்ணுங்க.”

“வேண்டாம் மொக்கைச்சாமி.”

“எண்ணுங்க அண்ணாச்சி.”

ஞானசிகாமணி குனிந்து சாக்குக்குள் கைவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நான்காவதன் மரை தேய்ந்திருந்தது விரலில் தட்டுப்பட்டது. உதடு அசைந்ததே தவிர சத்தம் வரவில்லை.

“கேக்கல,” என்றார் மொக்கைச்சாமி. “மைக்குதான் இல்லயே. சத்தமா எண்ணுங்க.”

பந்தலில் பேச்சு நின்றது. காப்பி டம்ளர்களோடு சம்பந்தி வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். ராமுத்தாய் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஞானசிகாமணி யூனிட்டுகளைத் திரும்பச் சாக்கில் போட்டுவிட்டு, நிமிர்ந்து நின்று, முதலிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து எண்ணினார்.

“நாலும் இருக்கு,” என்றார், பந்தலுக்கே கேட்கும்படி.